எச்சிகோ-சுமாரி மலைக் கலைவிழா: முதன்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில், டோக்காமாச்சி என்ற ஊரையும் சுனான் என்ற ஊரையும் சேர்த்த மலைப்பகுதிக்கு எச்சிகோ-சுமாரி என்று பெயர். கலைஞர்களும் ஊர்மக்களும் சேர்ந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை அங்கே ஒரு கலைவிழா நடத்துகிறார்கள். வயல், காலியாகிப்போன வீடு, பிள்ளைகள் இல்லாமல் மூடிய பள்ளிக்கூடம் எல்லாமே காட்சிக்கூடம். படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. போய்ச் சேரும் வழியைத் தமிழில் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். விழா நடக்கும் பரப்பு 760 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைவிடச் சற்றுப் பெரியது. அதில் மெட்ரோ இல்லை, ஆட்டோ இல்லை, பல இடங்களில் பஸ்ஸும் இல்லை. எந்தப் படைப்பைப் பார்ப்பது என்ற கேள்வி கடைசியில் வர வேண்டும். முதலில் கிழமை, அடுத்து வண்டி.

1. கிழமையைப் பார்த்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள்

2024 விழா ஜூலை 13 முதல் நவம்பர் 10 வரை நடந்தது. நான்கு மாதம் என்றதும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றும். அந்த நான்கு மாதத்திலும் செவ்வாய், புதன் இரண்டு நாளும் விடுமுறை. திங்கள் இரவு போய் இறங்கினால் இரண்டு நாள் பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். திறந்தவெளிச் சிற்பங்களை அன்றும் பார்க்கலாம். ஆனால் பார்க்க வேண்டியவற்றில் பாதி கட்டடங்களுக்குள் இருக்கிறது.

மூன்றாண்டுக் கணக்குப்படி அடுத்த விழா 2027இல் வர வேண்டும். இந்தக் கணக்கை மட்டும் நம்பித் தேதி குறிக்காதீர்கள். கொரோனாவால் 2021 விழா 2022க்குத் தள்ளிப்போனது. அதன் அடுத்தது இரண்டே ஆண்டில் 2024இல் வந்துவிட்டது. அதிகாரப்பூர்வத் தேதி வந்த பிறகே பணத்தை இறக்குங்கள்.

விழா இல்லாத ஆண்டில் போனாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். நிரந்தரப் படைப்புகள் சுமார் 200 அங்கேயே இருக்கின்றன. ஆனால் உள்ளரங்கப் படைப்புகள் பல, ஏப்ரல் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை, பெரும்பாலும் வார இறுதிகளிலும் பொதுவிடுமுறைகளிலும் மட்டுமே திறந்திருக்கும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு விழா இல்லாத ஆண்டே நல்லது என்பது என் கட்சி.

குளிர்காலம் முதல் பயணத்துக்கு வேண்டாம். ஜப்பானிலேயே பனி அதிகம் கொட்டும் வட்டாரங்களில் இது ஒன்று. மலைச் சாலைகள் பல மூடிவிடும், வெளியில் உள்ள படைப்புகள் பனிக்கு அடியில் போய்விடும். ஆகஸ்டில் நம் ஊர் வெயிலுக்குச் சளைக்காத புழுக்கம். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நடமாட ஏற்றவை. ஆனால் அக்டோபரிலிருந்து பல இடங்களில் மாலை ஐந்துக்குப் பதில் நான்கு மணிக்கே மூடிவிடுகிறார்கள். காலை பத்துக்குத்தான் திறப்பு என்பதால் கையில் இருப்பது ஆறு மணி நேரம். அதற்குள் மலைச்சாலைப் பயணமும் அடக்கம்.

2. விசா: காகிதத்தைவிட இணைய இணைப்பு முக்கியம்

சிங்கப்பூர் கடவுச்சீட்டுக்கும், சிப் பொருத்திய மலேசியக் கடவுச்சீட்டுக்கும் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்கு வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள், விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பப் படிவம், புகைப்படம், விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல் நகல், வேலையில் இருப்பவர்களுக்கு நிறுவனக் கடிதம் ஆகியவை வழக்கமானவை. பலரை நிறுத்தி வைப்பது இன்னொரு தாள்: ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று தேதிவாரியாக எழுதித் தரும் பயணத் திட்டம். அதில் விடுதியின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். மலையில் தங்குமிடம் உறுதியாகாமல் இந்தத் தாளை நிரப்ப முடியாது. ஆகவே கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பதிவு செய்துவிட்டு விசாவுக்குப் போங்கள்.

2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா மின்விசாவாக வருகிறது. கடவுச்சீட்டில் ஒட்டித் தரமாட்டார்கள். விமான நிலையத்தில் உங்கள் கைப்பேசித் திரையில், இணைய இணைப்போடு, அந்த அறிவிப்பை நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். அச்செடுத்த தாள், திரைப்படிமம், பி.டி.எஃப். எதுவும் செல்லாது. இறங்கியதும் விமான நிலைய வைஃபை கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். கிளம்பும் இடத்தில் விமானத்தில் ஏற்றுகிறவர்களும் இதையே கேட்பார்கள். ரோமிங்கோ இ-சிம்மோ முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் விவரம் நிரப்பிக் க்யூ.ஆர். குறியீடு எடுத்து வைத்தால் வரிசையில் நேரம் மிச்சம்.

3. டோக்கியோவிலிருந்து மலைக்கு

டோக்கியோவில் ஜோயெட்சு ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலைப் பிடித்து எச்சிகோ-யுசாவாவில் இறங்க வேண்டும். சுமார் ஒன்றேகால் மணி நேரம். ஒருவழிக் கட்டணம் ஏறக்குறைய 7,000 யென். அங்கிருந்து ஹொக்குஹொக்கு ரயிலில் டோக்காமாச்சிக்கு அரைமணிக்குச் சற்று மேல். இதே ரயில் அடுத்து மட்சுடாய் நிலையத்துக்கும் போகிறது. வழியில் பெரும்பகுதி சுரங்கம் என்பதால் மலைக்காட்சி பார்க்க ஜன்னல் ஓரம் பிடிக்கச் சண்டை போட வேண்டியதில்லை.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். எல்லா ஷிங்கன்சென்னும் எச்சிகோ-யுசாவாவில் நிற்பதில்லை. 'டோக்கி' வண்டிகளில் சில நிற்காமல் நீகாட்டாவை நோக்கிப் போய்விடும். 'தனிகாவா' வண்டிகளில் சில தகாசாக்கியோடு நின்றுவிடும். ஏறும் முன் அறிவிப்புப் பலகையில் நிலையத்தின் பெயரைப் பாருங்கள். அடுத்து, ஹொக்குஹொக்கு தனி நிறுவனத்தின் தடம். நாடு முழுவதற்குமான ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் இதில் செல்லாது. தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும்.

டோக்காமாச்சிக்கு ஈயாமா தடம் என்ற ஜே.ஆர். தடமும் உண்டு. ஆற்றோரமாகப் போகும் அழகான வழிதான். ஆனால் வண்டிகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் காத்திருந்தே பாதி நாள் போய்விடும்.

4. கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு: பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி

ஒரே ஒரு அறிவுரை சொல்லச் சொன்னால் காரைத்தான் சொல்வேன். ஜப்பானில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம். பயப்பட ஒன்றுமில்லை.

1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஜப்பான் ஏற்கிறது. இந்தியாவில் தருவது அந்த வகைதான். பரிவாகன் தளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பித்து, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்க வேண்டும். அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் இவற்றோடு விசா நகலும் கேட்கப்படலாம் என்பதால் விசா வந்த கையோடு இதைத் தொடங்குங்கள். பயணத்துக்கு ஒரு மாதமாவது முன்பு விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். தரகர்கள் இதற்குப் பல மடங்கு கேட்பார்கள். இணையத்தில் 'உலக ஓட்டுநர் உரிமம்' என்று டாலருக்கு விற்கும் அட்டைகளும் உண்டு. அவை ஜப்பானில் வெறும் காகிதம்.

கார் வாடகைக் கடையில் மூன்று மூலப்பிரதிகளையும் மேசையில் வைக்கச் சொல்வார்கள்: கடவுச்சீட்டு, நம் நாட்டு உரிமம், பன்னாட்டு அனுமதிப் புத்தகம். கைப்பேசியில் டிஜிலாக்கர் காட்டினால் வேலைக்கு ஆகாது. சிறிய கார் நாளுக்கு 7,000 முதல் 10,000 யென் வரை. காப்பீட்டின் மேல் கூடுதலாக ஒரு சிறு தொகை கட்டி, விபத்து நேர்ந்தால் நாம் தர வேண்டிய பங்கைத் தள்ளுபடி செய்துகொள்ளும் வசதி உண்டு. மலைச்சாலையில் அதைக் கட்டிவிடுவதே புத்தி.

காரை எச்சிகோ-யுசாவாவிலேயே எடுக்கலாம், டோக்காமாச்சியிலும் எடுக்கலாம். விழாக்கால வார இறுதியில் இரண்டு ஊரிலும் கார் தீர்ந்துவிடும் என்பதால் தங்குமிடம் பதிவு செய்யும் அன்றே காரையும் பதிவு செய்யுங்கள். வண்டியில் உள்ள வழிகாட்டிக் கருவியில் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் திண்டாடும். தொலைபேசி எண்ணோ 'மேப்கோட்' எனப்படும் எண் வரிசையோ கொடுத்தால் நேராகக் கொண்டுபோய் விடும். கைப்பேசி வரைபடமும் போதும். ஆனால் மலை மடிப்புகளில் சிக்னல் போகும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாலைகள் நடுவே செங்காவி படிந்திருக்கும். குளிர்காலத்தில் பனியை உருக்க, சாலை நடுவில் பதித்த குழாய்களிலிருந்து நிலத்தடி நீரைப் பீய்ச்சுகிறார்கள். அந்த நீரில் உள்ள இரும்பு விட்டுப்போன கறை அது. முதலில் பார்க்கும்போது ஏதோ லாரி கவிழ்ந்து கொட்டியது போலத் தோன்றும்.

5. கார் ஓட்டாதவர்களுக்கு

முழுவதையும் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டால் ரயிலை வைத்தே ஒரு நல்ல பயணம் அமையும். டோக்காமாச்சி நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் 'மோனெட்' என்ற சமகாலக் கலை அருங்காட்சியகம். மட்சுடாய் நிலையத்தை ஒட்டியே 'நோபுதாய்' என்ற மையம், அதைச் சுற்றிய வயல்களிலும் குன்றுகளிலும் நடந்தே பார்க்கத் திறந்தவெளிப் படைப்புகள். இந்த இரண்டுக்கும் ஒரு நாள் சரியாக இருக்கும்.

சுரங்கப்பாதையே படைப்பாக மாறிய கியோட்சு பள்ளத்தாக்குக்கு எச்சிகோ-யுசாவாவிலிருந்து பஸ் இருக்கிறது. ஆனால் நிறுத்தத்திலிருந்து அரைமணி நேரம் நடக்க வேண்டும். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விழாக் காலத்தில் அதிகாரப்பூர்வ பஸ் சுற்றுலாக்கள் நடக்கின்றன. மதிய உணவும் சேர்த்துப் பதினாயிரம் யென்னுக்கு மேல் ஆகும். ஒரு நாள்தான் இருக்கிறது, கார் இல்லை என்றால் இதைத் தயங்காமல் எடுங்கள். எந்த மொழியில் விளக்குவார்கள் என்று மட்டும் பணம் கட்டும் முன் பாருங்கள். டாக்ஸியை நம்பி மலைக்குள் போக வேண்டாம். போய்விடலாம், திரும்பி வர இன்னொன்று கிடைக்காது.

6. விழாப் பாஸ்போர்ட்

விழாவின் பொதுச் சீட்டுக்கு 'பாஸ்போர்ட்' என்றே பெயர். 2024இல் பெரியவர்களுக்கு 4,500 யென். விழா தொடங்கும் முன் வாங்கினால் விலை குறைவு. ஒவ்வொரு படைப்பையும் இதைக் காட்டி ஒருமுறை பார்க்கலாம். அதே இடத்துக்கு இரண்டாம் முறை போனால் தனியாகக் காசு. ஒவ்வோர் இடத்திலும் முத்திரை குத்திக்கொள்ளலாம். முத்திரை சேர்க்கும் வெறியில் படைப்பைப் பார்க்காமல் ஓடுகிறவர்களை அங்கே நிறையப் பார்ப்பீர்கள்.

எல்லாப் படைப்புக்கும் ஒரு குறியீடு உண்டு. ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் எண். எழுத்து எந்தப் பகுதி என்று சொல்லும்: கவானிஷிக்குக் 'கே', நாகாசாடோவுக்கு 'என்', மட்சுனோயாமாவுக்கு 'ஒய்'. இப்படி ஆறு பகுதிகள். சாலையோர மஞ்சள் பலகைகளிலும் இந்தக் குறியீடுதான் இருக்கும். கலைஞர் பெயரை வைத்துத் திட்டமிடாமல் இந்த எழுத்தை வைத்துத் திட்டமிட்டால் ஒரே மலையை இரண்டு முறை ஏறி இறங்க வேண்டியிராது.

கியோட்சு பள்ளத்தாக்குக்கு மட்டும் தனி விதி. கோடை விடுமுறை, இலையுதிர்கால நாட்கள் போன்ற நெரிசல் காலங்களில் நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். கையில் விழாப் பாஸ்போர்ட் இருக்கிறதே என்று நேராகப் போய் நிற்காதீர்கள்.

7. இரண்டு நாளில் எதைப் பார்ப்பது

ஒரு நாளைக்கு ஏழெட்டு இடம் போதும். அதற்கு மேல் போட்டால் நாள் முழுக்கக் காருக்குள்தான் இருப்பீர்கள்.

முதல் நாள் எச்சிகோ-யுசாவாவில் கார் எடுத்தவுடன் கியோட்சு. 750 மீட்டர் நீளச் சுரங்கப்பாதை. அதை 2018இல் மா யான்சொங்கின் 'மேட்' கட்டடக் கலைக்குழு படைப்பாக மாற்றியது. கடைசி அரங்கில் தரையெங்கும் மெல்லிய நீர்ப்பரப்பு. வெளியே உள்ள பாறையும் வானமும் அதில் தலைகீழாக விழ, சுரங்க வாய் முழு வட்டமாகத் தெரியும். உள்ளே நடக்க ஓரமாக வழி உண்டு, கால் நனையும். எளிதாகக் கழற்றத் தோதான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். அங்கிருந்து டோக்காமாச்சி போய் 'மோனெட்' பாருங்கள். நடுவில் லியாந்த்ரோ எர்லிச்சின் குளம்: சுற்றி நடந்தால் கோடுகள் எல்லாம் குழம்பிக் கிடக்கும். மேல்தளத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றால் மட்டுமே கட்டடத்தின் பிம்பம் சரியாகப் பொருந்தும். கீழேயே படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் படைப்பைப் பார்க்காமலேயே போகிறார்கள்.

இரண்டாம் நாள் மட்சுடாயும் மட்சுனோயாமாவும். நோபுதாயின் பார்வை மேடையிலிருந்து இல்யா, எமிலியா கபகோவ் தம்பதியின் 'நெல்வயல்கள்' பார்க்க வேண்டும். உழுவதும் நடுவதும் அறுப்பதுமாக நீலத்திலும் மஞ்சளிலும் ஆள் உருவங்கள் எதிர்ச்சரிவின் படிவயல்களில் நிற்கின்றன. மேடையில் தொங்கும் எழுத்துகள், சரியான இடத்தில் நின்றால், அந்த உருவங்களுக்கு மேல் கவிதை வரிகளாக வந்து அமர்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் ஒரு நாற்று நடுபவர் குனிந்திருக்கும் கோணம் நமக்குத் தெரியும்.

மட்சுனோயாமாவில் மூடிய பள்ளி ஒன்றில் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கியும் ஜான் கல்மானும் 2006இல் அமைத்த 'கடைசி வகுப்பு'. உள்ளே கும்மிருட்டு, வைக்கோல் வாசம், காற்றாடிகளின் காற்று, மங்கலாக ஆடும் பல்புகள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்காகவே வேண்டும் என்றால் டோக்காமாச்சிப் பகுதியில் ஹச்சி கிராமத்தின் பழைய பள்ளி இருக்கிறது. கடைசியாகப் படித்த மூன்று மாணவர்களை வைத்து, கட்டடம் முழுவதையும் ஒரு படக்கதையாக ஆக்கியிருக்கிறார் செய்ஸோ தஷிமா. எனக்கு இரண்டில் பிடித்தது இதுதான்.

நேரம் மிஞ்சினால் ஜூனிச்சி குராகாக்கே தன் மாணவர்களோடு சேர்ந்து செய்த 'தோலுரிந்த வீடு' பாருங்கள். ஒரு பழைய வீட்டின் தரை, தூண், சுவர் என்று ஓர் அங்குலம் விடாமல் உளியால் செதுக்கியிருக்கிறார்கள். வெறுங்காலோடு அந்தத் தரையில் நடக்கும்போது உள்ளங்காலில் உளித்தடம் உறுத்தும். காலுறையைக் கழற்ற அனுமதி உண்டா என்று மட்டும் அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. தங்கல்

டோக்காமாச்சி நிலையத்தைச் சுற்றிச் சாதாரண விடுதிகள் உண்டு, எண்ணிக்கை குறைவு. அவை நிறைந்தால் எச்சிகோ-யுசாவாவில் தங்குங்கள். பனிச்சறுக்கு ஊர் என்பதால் கோடையில் அறை எளிதாகக் கிடைக்கும்.

படைப்புக்குள்ளேயே தங்கலாம் என்பது இந்த விழாவின் தனிச்சிறப்பு. ஜேம்ஸ் டரலின் 'ஒளி இல்லம்' கூரையைத் திறந்து அந்தியையும் விடியலையும் படுத்தபடி பார்க்க வைக்கும். மரினா அப்ரமோவிச்சின் 'கனவு இல்லத்தில்' பெட்டி போன்ற மரக் கட்டிலில், அதற்கென்று தைத்த உடையில் தூங்கி, கண்ட கனவை எழுதி வைக்க வேண்டும். இரண்டுக்கும் பல மாதம் முன்பே முந்திக்கொள்ள வேண்டும். ஒளி இல்லத்தில் பொதுவாக முன்பின் தெரியாத குழுக்களோடு வீட்டைப் பகிர வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள். செலவு குறைய வேண்டும் என்றால் பழைய பள்ளியை விடுதியாக்கிய 'சான்ஷோ ஹவுஸ்' இருக்கிறது, அடுக்குக் கட்டில்தான்.

மட்சுனோயாமாவில் வெந்நீர் ஊற்று விடுதிகள் இருக்கின்றன. பொதுக் குளியலில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும். கூச்சமாக இருந்தால் தனிக் குளியலறை உள்ள விடுதியாகப் பாருங்கள்.

9. சாப்பாடு

சைவர்களுக்கு இதுதான் கடினமான அத்தியாயம். இங்கே 'ஹெகி சோபா' பேர்போன உணவு. பக்வீட் என்ற தானிய மாவில் கடற்பாசி சேர்த்துப் பிசைந்த நூடுல்ஸ். நூடுல்ஸ் சைவம், தொட்டுக்கொள்ளும் சாறு மீன் சாறு. காய்கறிச் சாறு என்று தோன்றும் எதிலும் மீன் இருக்கலாம். விடுதியில் இரவு உணவு சேர்த்துப் பதிவு செய்தால், 'இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை வேண்டாம்' என்று ஜப்பானிய மொழியில் ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்புங்கள். வந்த பிறகு சொன்னால் வெறும் சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சும். சோறு மட்டும் அருமையாக இருக்கும். ஜப்பானில் உயர்வாகப் பேசப்படும் கோஷிஹிகாரி அரிசி விளையும் வட்டாரம் இது.

மலையில் மதியம் இரண்டு மணிக்குள் சமையலறைகள் மூடத் தொடங்கிவிடும். காலையில் கிளம்பும்போதே கடையில் சோற்று உருண்டையும் வாழைப்பழமும் வாங்கிக் காரில் போட்டுக்கொள்ளுங்கள்.

10. மொத்தம் எவ்வளவு

இருவர் காரைப் பகிர்ந்துகொள்வதாக வைத்து, டோக்கியோவிலிருந்து இரண்டு நாள், ஓர் இரவுக்கு ஒருவருக்கு ஆகும் தோராயம்: ரயில் போகவர 14,000 யென், விழாப் பாஸ்போர்ட் 4,500, கார் வாடகையில் பாதியும் பெட்ரோலும் 10,000, இரண்டு வேளை உணவோடு தங்கல் 12,000, மதியச் சாப்பாடும் சில்லறையும் 4,000. கூட்டினால் 44,500 யென். நூறு யென்னுக்கு 55 முதல் 60 ரூபாய் என்று போட்டுக்கொள்ளுங்கள். டோக்காமாச்சியில் கார் எடுத்தால் ஹொக்குஹொக்கு டிக்கெட்டையும் இதில் சேர்க்க வேண்டும்.

இதில் பத்தாயிரம் யென்னாவது நோட்டாகக் கையில் இருக்கட்டும். கிராமத்துச் சிறு கடைகளில் அட்டை எடுபடாது. செவன்-இலெவன் கடை ஏ.டி.எம்.களில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும். மலை ஏறும் முன் எடுத்துவிடுங்கள். பூச்சி விரட்டும் மருந்து, முழுக்கை சட்டை, மழைக் கோட்டு, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை ஆகியவையும் வேண்டும். கரடி எச்சரிக்கைப் பலகை உள்ள பாதையில் தனியாக, அந்தி நேரத்தில் நடக்காதீர்கள். காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் டாங்கை நிரப்பி ரசீதை வைத்திருங்கள். கிராமத்து பெட்ரோல் பங்குகள் மாலையிலேயே மூடிவிடும் என்பதால் இதை மதியமே முடித்துவிடலாம்.